வாசலிலேயே சொன்ன ‘இல்லை’

அந்த ஆளை எல்லோரும் ‘எதுக்கும்’ என்றுதான் கூப்பிடுவார்கள். லாரி ஓட்டிய காலத்தில் கூட இருந்தவர்கள் வைத்த பெயர். கிளீனர் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக் கட்டி முடித்த பிறகு, “எதுக்கும் நானும் ஒரு தடவை பார்த்துடறேன்” என்று இறங்குவார். டீசல் போட்டால் மீட்டரைப் பார்ப்பார். எதுக்கும் குச்சியை விட்டு டேங்கையும் பார்ப்பார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மருந்துக் கடைக்காரரிடம் காட்டி, இது சரிதானா என்று கேட்பார். கடைக்காரர் மேல் நம்பிக்கை வைத்து அல்ல. இரண்டு பேர் ஒரே பொய்யைச் சொல்வது கஷ்டம் என்பது அவர் எண்ணம்.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள், ஊரார் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற சாமானைச் செய்யும் வேலையில் இருந்தாள். இணையப் பக்கம் எழுதும் வேலை. ஒரு பட்டனை அமுக்கினால் எந்தப் பதில் வர வேண்டும், எப்போது வர வேண்டும், எப்போது வரக் கூடாது என்று கம்ப்யூட்டருக்கு எழுதி வைப்பாள். அமுக்குகிறவன் அவளைப் பார்த்ததில்லை. பார்க்காத ஆளை எப்படி நம்புகிறார்கள் என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரி தன் பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அவள் கம்பெனிக்கு வேலை கொடுத்தது. உள்ளே படுத்திருக்கிற நோயாளியின் எண்ணைப் போட்டால், இப்போது வந்து பார்க்கலாமா கூடாதா என்று சொல்லும் பக்கம். அவளிடம்தான் கொடுத்தார்கள். வீட்டில், சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை விரித்து வைத்துக்கொண்டு பழைய பக்கத்தைப் படித்தாள். படிக்கப் படிக்கத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இங்க பாரும்மா. முன்ன எழுதினவன் எப்படி எழுதி வச்சிருக்கான்னு. கேள்விக்குள்ள கேள்வி. இதுவா இருந்தா இது, அதுக்குள்ள அதுவா இருந்தா அது. படிக்கட்டு மாதிரி உள்ள உள்ள இறங்குது. கடைசிப் படியில நிக்கறப்ப, எந்தப் பக்கமா நுழைஞ்சோம்னே மறந்துடும்.”

அம்மா மூச்சு வாங்கியபடி எட்டிப் பார்த்தாள். அப்போதே அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“உங்கப்பா சண்டை போடற மாதிரி இருக்கு. ஆரம்பிச்சது குழாயில தண்ணி வரலன்னு. முடிஞ்சது எங்கண்ணன் கல்யாணத்துல.”

“உங்கண்ணன் கல்யாணத்துல பந்தியில என்னை எழுப்பி விட்டாங்களா இல்லையா, அதைச் சொல்லு” என்றார் எதுக்கும்.

“பாத்தியா பாப்பா? கேள்விக்குள்ள கேள்வி.”

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை.

“இது வேலை செய்யுதா இல்லையா?”

“செய்யுதுப்பா. ஆனா அசிங்கமா இருக்கு.”

“ஓடற வண்டியோட இன்ஜினை, அசிங்கமா இருக்குன்னு எவனாவது பிரிப்பானா?”

“நாளைக்கு இன்னொருத்தர் வந்து கை வைக்கறப்ப புரியணும்ல. இப்ப நான் எழுதற முறை என்னன்னா, வர வேண்டாதவங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிடறது. பார்வை நேரம் முடிஞ்சுதா? ‘இல்லை’ன்னு சொல்லி அங்கயே முடிச்சிடு. வார்டு மூடியிருக்கா? இல்லை. ஏற்கனவே ஆள் உள்ள இருக்காங்களா? இல்லை. எல்லாத்தையும் தாண்டி வந்தாங்கன்னா ‘வாங்க’ன்னு சொல்லு. உள்ள உள்ள இறங்கவே வேண்டாம். மேல இருந்து கீழ நேரா படிச்சுக்கிட்டே போகலாம்.”

“எடுத்த எடுப்புல இல்லைன்னு சொல்றதுக்குப் பேரு சுத்தமா?”

“இப்படித்தான் எழுதணும்னு எங்க தொழில்ல சொல்வாங்கப்பா.”

அவள் சொன்னது பொய் இல்லை. அந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள், அது நல்ல முறையும்தான். பக்கம் பக்கமாக வளர்ந்து கிடந்தது, அவள் கை பட்டதும் ஒரே பார்வையில் அடங்கும் அளவுக்குச் சுருங்கியது. அவளுடைய மேலாளர் (அலுவலகத்தில் அந்த ஆளுக்கு ‘மூக்குக்கண்ணாடி’ என்று பெயர்) அதைச் சுவரில் இருக்கிற பெரிய திரையில் போட்டு, “எல்லாரும் பாருங்க, இப்படி எழுதணும்” என்றாராம். அன்று மாலை மகள் ஒரு கேக் வாங்கி வந்தாள். அம்மா ஒரு துண்டை மகள் வாயில் ஊட்டினாள். எதுக்கும் பெட்டியைத் திருப்பித் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

பிறகு அம்மாவுக்கு மூச்சு வாங்குவது பெரிதாகிவிட்டது. இதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

காலை நேரத்தில் மகள் போய்ப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவாள். மற்ற நேரமெல்லாம் எதுக்கும்தான். பார்வை நேரம் என்று ஒன்று இருக்கிறது என்பதையே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கூடாத நேரத்தில் போய் கேட்டில் நிற்பார். காவலாளி மறிப்பான்.

“பெரியவரே, பக்கத்துல பாத்துட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“எந்தப் பக்கத்துல?”

“போன்ல. உங்க பொண்ணு எழுதினதுதானாமே.”

“எழுதினது என் பொண்ணு. உள்ள கிடக்கறது என் பொண்டாட்டி. நான் எதைப் பாக்கட்டும்?”

பாதி நாள் உள்ளே விட்டுவிடுவார்கள். அவர் வாய்க்குப் பயந்து. வார்டு சிஸ்டர் மட்டும் கறாரான ஆள். அவள்தான் ஒருநாள் மகளையும் அவரையும் நிற்க வைத்துச் சொன்னாள்:

“நிலைமை மோசமாச்சுன்னா நாங்க இங்க கம்ப்யூட்டர்ல குறிச்சிடுவோம். பக்கத்துல ‘எந்த நேரமும் வரலாம்’னு பச்சையில வரும். முன்ன ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிட்டு இருந்தோம். இப்ப அதுக்கு ஆள் இல்ல. பக்கத்தைப் பாத்துக்கங்க.”

“அது நான் எழுதினதுதான் சிஸ்டர்” என்றாள் மகள். அவள் குரலில் இருந்த பெருமையைக் கட்டிலில் கிடந்த அம்மாவும் கேட்டாள்.

மகள் போன பிறகு அம்மா அவரைக் கிட்டே கூப்பிட்டாள்.

“ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே.”

“விஷயத்தைச் சொல்லு.”

“தினம் கேட்ல போய்க் கத்தறீங்க. இங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. எனக்கு ஊசி போடற பொண்ணு கூட, ‘உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு யாரோட’ன்னு கேக்குது. அந்தப் புள்ள ராவும் பகலும் உக்காந்து எழுதின பக்கம். பெத்தவரே பாக்க மாட்டேங்கறீங்கன்னா அது மனசு என்ன பாடுபடும்? ஒரு தடவை நம்பிப் பாருங்களேன். என்ன குறைஞ்சு போயிடும்?”

அவர் போர்வையை இழுத்துக் கால் வரை மூடிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது சம்மதம்தான். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியும்.

மறுநாள் காலை மகள் போய்ப் பார்த்தாள். அம்மா நன்றாகப் பேசினாள். காலை நேரம் முடியும் முன் எதுக்கும் போனார். அழுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். துவைத்தார். காயப் போட்டார். மத்தியானம் ஒரு மாதிரி இருந்தது. வழக்கமாக என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். மாட்டவும் மாட்டினார். வாசற்படியில் நின்றபோது மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளே வந்தார். போனை எடுத்தார். மகள் திறந்து காட்டிக் கொடுத்திருந்த பக்கத்தில் எண்ணை ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் போட்டார்.

பார்வை நேரம் முடிந்தது. மாலையில் வரவும்.

சிவப்பு எழுத்து. பச்சை இல்லை. பச்சை இல்லை என்றால் மோசம் இல்லை. செருப்பைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, எதுக்கும் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். அதே சிவப்பு. இரண்டு தடவை கேட்டும் ஒரே பதில் சொல்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, கொடியில் அவள் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றை நம்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்.

மாலை, மடித்த துணியோடு வார்டுக்குள் நுழைந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

“என்ன பெரியவரே, இப்பத்தான் வரீங்க?” என்றாள் சிஸ்டர். கறாரான அந்தக் குரலில் கறார் இல்லை. “மத்தியானமே குறிச்சிட்டோமே. பக்கத்துல வந்திருக்குமே, நீங்க பாக்கலையா? வந்துட்டாரா வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் அவங்களே சொல்லிக்கிட்டாங்க, ‘கேட்ல சண்டை போட்டுட்டு இருப்பாரு, முடிச்சுட்டு வருவாரு’ன்னு.”

எதுக்கும் சட்டைப் பையில் கை விட்டார். போனை எடுத்துக் காட்டத்தான் விட்டார். இதோ பாரம்மா, நான் பார்த்தேன், இரண்டு தடவை பார்த்தேன், உங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் என்னை வர வேண்டாம் என்றது. வாய் வரை வந்த வார்த்தை. அந்த நேரம், உயிர் போனதும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து மகள் மாடிப்படியில் ஓடி வருகிற சத்தம் கேட்டது. அது யாருடைய பக்கம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன் பைக்குள்ளேயே இருந்தது.

“எங்கப்பா இருந்தீங்க? மத்தியானத்துல இருந்து அம்மா தனியாவா இருந்தாங்க? எங்க போனீங்க?”

“தூங்கிட்டேன்” என்றார்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கைக்குக் கிடைத்தது அதுதான். சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்தது. வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். போகாமல் தங்கியவள் அவருடைய தங்கை, மகளுக்கு அத்தை. அவள் நாக்குக்கு உறை கிடையாது.

“ஏண்ணா, ஆயுசு பூரா ராத்திரி முழிச்சு வண்டி ஓட்டினவன் நீ. ஒரு நாள் கண்ணசந்து வண்டியைத் தடம் இறக்கினது கிடையாது. அன்னைக்குப் பாத்துத்தான் உனக்குக் கண்ணு சொக்குச்சா?”

“சொக்கிடுச்சு.”

“அந்த மகராசி உன்னைக் கட்டிக்கிட்டு என்னத்தைக் கண்டா? கடைசி நேரத்துக்கு ஒரு வாய்த் தண்ணி ஊத்தக் கூட ஆள் இல்லாம போயிட்டா.”

மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தையைத் தடுக்கவில்லை.

அதன் பிறகு மகள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். திட்டவில்லை, சண்டை போடவில்லை. டீயை மேசையில் வைப்பாள், டம்ளர் சத்தம் கேட்டு அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை வாங்கி வந்தால் ஜன்னலில் வைப்பாள். “எங்கூட வந்து இருடி, இந்தக் கல்லு வீட்டுல என்ன இருக்கு” என்று அத்தை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மகள் யோசிக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். எதுக்கும் காதில் அது விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் அத்தை சத்தமாகச் சொன்னாள்.

எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பாப்பா, நான் தூங்கவில்லை. இவ்வளவுதான், மூன்றே வார்த்தை. ஆனால் அதற்கு அடுத்த கேள்வி, பிறகு என்ன செய்தீர்கள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. அந்தப் பதில் மகளைக் கொன்றுவிடும். கொல்லாவிட்டாலும், உயிரோடு இருந்து என்ன செய்வாள்? காலையில் எழுந்து எந்தக் கையால் வேலை செய்வாள்? அவரை ஒரு தூங்குமூஞ்சி என்று நினைத்தால் அவள் கோபப்படுவாள், அவ்வளவுதான். கோபப்படுகிறவர்கள் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், வேலைக்குப் போவார்கள்.

ஒருநாள் காலை அவள் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள். போன் வந்தது. மூக்குக்கண்ணாடி. ஸ்பீக்கரில் போட்டாள், பேசுகிறவர் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

“அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்துல ஒரு புகார்மா. ஒருத்தரோட அப்பா சீரியஸ். வார்டுல குறிச்சிருக்காங்க. பக்கத்துல வரவே இல்லையாம். அந்த ஆள் எதேச்சையா போய் நின்னதால முகத்தைப் பாத்தாராம். இல்லன்னா அதுவும் இல்ல. கேட்ல உக்காந்து அழுதிருக்காரு. என்னன்னு பாரேன்.”

“என்னோடதுல இருக்காது சார். அந்தக் குறி வந்து சேர்றதுல ஏதாவது இருக்கும். பாக்கறேன்.”

பார்த்தாள். எதுக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், திரையை அல்ல, அவள் முதுகை. அவள் விரல் வரி வரியாக இறங்கியது. நின்றது. மறுபடி மேலே போய், மறுபடி இறங்கியது. பிறகு முதுகு அசையவே இல்லை.

“அப்பா” என்றாள்.

அந்த மாலைக்குப் பிறகு அவள் அந்த வார்த்தையைச் சொல்வது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து போய் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

“முன்ன எழுதின ஆளு இதைத்தான் முதல்ல கேட்டிருக்கான்பா. மோசமா இருக்காங்களா, அப்ப வாங்க. அதுக்கப்புறம்தான் நேரம், வார்டு எல்லாம். அந்த அசிங்கமான படிக்கட்டுல முதல் படியே அதுதான். நான் ‘இல்லை’ எல்லாத்தையும் மேல ஏத்தினேன். ‘வாங்க’ எல்லாம் கீழ போயிடுச்சு. நேரம் முடிஞ்சுதா, முடிஞ்சுது. இல்லை. அங்கயே முடிஞ்சு போச்சு. கீழ இப்படி ஒரு வரி இருக்குன்னு மெஷினுக்குத் தெரியவே தெரியாது.”

“சோதிச்சுப் பாக்கலையா நீ?”

“பாத்தேன். காலையில, பார்வை நேரத்துல பாத்தேன். அப்ப பச்சையாத்தான் வந்துச்சு.”

அவள் நாற்காலியைத் திருப்பினாள். முகத்தில் ரத்தம் இல்லை. கண் மட்டும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டது.

“அன்னைக்கு நீங்க பக்கத்தைப் பாத்தீங்களா?”

இதோ வந்துவிட்டது கேள்வி. அத்தையின் வாயை அடைக்கிற பதில், டீ டம்ளரை மறுபடி கையில் வாங்கித் தருகிற பதில், கட்டிய பெண்டாட்டி கூப்பிடக் கூப்பிடத் தூங்கியவன் என்ற பேச்சைத் துடைத்துப் போடுகிற பதில், நாக்கு நுனியில் இருந்தது. அவள் கை நாற்காலிப் பிடியைப் பற்றியிருப்பதை அவர் பார்த்தார். அந்தக் கை சின்னதாக இருந்தபோது லாரி ஸ்டியரிங்கில் வைத்துப் பிடித்துக்கொண்டவர் அவர்.

“நானா? உன் மெஷினை நான் எப்ப நம்பியிருக்கேன்?”

“பாத்தீங்களா இல்லையா?”

“பாக்கல. தூங்கினேன்னு சொன்னேன்ல. தூங்கறவன் எதைப் பாப்பான்?”

“அம்மா மேல சொல்லுங்க.”

சத்தியம் செய்கிறவனை நம்பாதே என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர் அவர். கோர்ட்டில் ஒரு விபத்துக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது கூட, சத்தியம் எதற்கு, கேட்டதைச் சொல்கிறேன் என்று நீதிபதியிடம் வாதாடியவர்.

“உங்கம்மா மேல சத்தியமா பாக்கல” என்றார்.

அவர் போன் மேசை மேல்தான் கிடந்தது. எதையும் அழிக்க அவருக்குத் தெரியாது. அன்று போட்ட எண், பார்த்த நேரம் எல்லாம் உள்ளே இருக்கும். இதுவும் அவளுக்குத் தெரியும். அவள் கை போனை நோக்கி நீண்டது. அவர் தடுக்கவில்லை, தடுத்தால் தெரிந்துவிடும். விரல் போனைத் தொட்டது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் அழுதாள். முகத்தை மூடாமல், சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து அழுதாள். அவர் தலையில் கை வைக்கப் போனார். அவள் தலையை நகர்த்திக்கொண்டாள்.

“அப்ப நீங்க போயிருந்தா விட்டிருப்பாங்க” என்றாள் விக்கலுக்கு நடுவில். “பக்கம் என்ன சொன்னா என்ன, நீங்க போயிருந்தா அந்தக் காவலாளி விட்டிருப்பான். தினம் சண்டை போட்டுப் போவீங்க. அன்னைக்கு மட்டும் தூங்கிட்டீங்க.”

“ஆமா.”

“அம்மா தனியா போயிட்டாங்க.”

“ஆமா பாப்பா.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். கீழே கிடந்த ஒரு வரியைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். அவ்வளவுதான் வேலை. மூக்குக்கண்ணாடியைக் கூப்பிட்டு, தவறு தன்னுடையதுதான் என்று சொன்னாள். குரல் உடைந்தது, ஆனால் சொன்னாள். அவளால் அதைச் சொல்ல முடிந்தது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. போதவில்லை; ஆனாலும் போதும் என்று வைத்துக்கொண்டார்.

அந்த வார முடிவில் மகள் அத்தை வீட்டுக்குக் கிளம்பினாள். இரண்டு பெட்டி, கம்ப்யூட்டர் பை, அம்மாவின் ஒரு போட்டோ. வீட்டில் இருந்தது அந்த ஒரு போட்டோதான். அவள் கேட்காமல் எடுத்தாள். பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க அவர் குனிந்தார். “நான் பாத்துட்டேன்” என்றாள். அவர் நிமிர்ந்து விலகினார்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியவள் கண்ணாடியை இறக்கினாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறவள் மாதிரி இருந்தாள். கேட்கவில்லை.

“இனிமே மத்தியானத்துல தூங்காதீங்கப்பா” என்றாள்.

“சரி பாப்பா” என்றார்.